அப்பாவின் பாபின் பெட்டி

அப்பா முப்பத்திரண்டு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக். ஓய்வு பெற்றதும், மெக்கானிக்குகள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே எல்லோருக்கும் புனைபெயர். யார் விஷயம் தெரிந்தவர், யார் வெறும் வாய்ச்சவடால் என்று பிரிப்பதற்குள் அவருக்குத் தலை சுற்றியது.

அதற்கு அவர் கண்ட வழி, மிஷினில் அடிநூல் சுற்றும் பாபின். ஆளுக்கு ஒன்று. சண்டைக்காரனுக்குச் சிவப்பு நூல், விவரமானவருக்கு நீலம், அளந்து விடுபவனுக்கு வெள்ளை. நடுத்துளையில் பெயரும் குறிப்பும் எழுதிச் சுருட்டிய சீட்டு. ஒரே ஆள் இரண்டு பெயரில் வந்து மாட்டிக்கொண்டால், ஒரே பாபினில் இரண்டு நிறம்.

டேட்டாபேஸ் வேலை பார்க்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏம்பா, கம்ப்யூட்டர்ல ஒரு டேபிள் போட்டுத் தரவா? தேடினா நொடியில வரும்."

"உன் டேபிளைக் கையில உருட்டிப் பார்க்க முடியுமா? போம்மா, வேலையப் பாரு."

அம்மா போன பிறகு போனில் அவர் பேச்சு சுருங்கிவிட்டது. "நல்லா இருக்கேன். வெச்சிடட்டுமா?" மன்றத்தில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார். அவளும் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தாள். பெயர் 'எண்ணெய்க்கை'. அனுபவம் நாற்பது வருடம்.

"அண்ணே, நூல் அறுந்துக்கிட்டே இருக்கு."

"ஊசியத் திருப்பிப் போட்டிருப்பே தம்பி. நாற்பது வருஷமா என்னத்தக் கிழிச்சே?"

"முழங்கால் வலி எப்படிண்ணே இருக்கு?"

"அத ஏன் கேக்குறே..." என்று ஆரம்பித்தால் அரைப் பக்கம். தூக்கம் வராதது, மறந்துபோன மாத்திரை, அம்மாவின் காலி நாற்காலி. மகளிடம் சொல்லாததெல்லாம் தம்பிக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் அவர் இறந்தார். பாபின்களை அவர் போட்டுவைத்த பெட்டியைத் திறக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அப்பாவை ஏமாற்றி வாயைக் கிளறிவிட்டோமோ என்ற ஒரே உறுத்தல்.

வெள்ளை பாபின்கள் அத்தனையையும் பார்த்தாள். எண்ணெய்க்கை இல்லை. சிவப்பிலும் இல்லை. நீலத்தில் இருக்க வாய்ப்பே இல்லை, அதையும் பார்த்தாள்.

அடியில் கிடந்தது. உள்ளே வெள்ளை, மேலே மஞ்சள். பெட்டியில் வேறு யாருக்கும் மஞ்சள் இல்லை. சீட்டில், அவள் சேர்ந்த மூன்றாம் நாள் தேதி.

"எண்ணெய்க்கை. மிஷின் தெரியாது. தம்பி இல்ல, என் பொண்ணு. நேர்ல கேக்க அவளுக்குக் கூச்சம், சொல்ல எனக்குக் கூச்சம். காட்டிக்காம பதில் சொல்லணும்."

மன்றத்தைத் திறந்தாள். எண்ணெய்க்கை என்ற பெயரிலேயே, "அண்ணன் போயிட்டாரு" என்று தட்டினாள். முதல் சொல்லை மட்டும் அழித்து, 'அப்பா' என்று மாற்றி அனுப்பினாள்.