அப்பாவின் நடைக்கு ஒரு டூர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். முருகன் சம்பந்தப்பட்ட ஒன்றைத் தப்பும் தவறுமாக எழுதிவைத்துப் பாவத்தைத் தேடிக்கொள்ள வேண்டாமே என்று பயம். போன சஷ்டி விரதத்தன்று அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பயந்தது போதும் என்று மனசில் பட்டது. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருப்பூர் ராயபுரம். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை என்னுடையது. அப்பா குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயி. அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அவர் கட்டிலைவிட்டு எழுந்து வாசலுக்கு வருவதற்குள் நான் டீ போட்டு ஆற்றியும் வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவருக்கு மலேசியாவுக்குப் போய்ப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆசையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. அதற்குக் காரணம் அவருடைய சிநேகிதர். அவர் மகனோடு கும்பலாகச் சிங்கப்பூர் டூர் போனார். "ஐயா மெதுவா நடப்பாரு, பஸ்லயே உக்காரட்டும்" என்று போன இடத்திலெல்லாம் அவரைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவரிடம் சிங்கப்பூர் எப்படி என்று அப்பா கேட்டார். "சீட்டு மெத்துமெத்துன்னு இருந்துச்சு. ஜன்னலுக்குப் பச்சை ஸ்கிரீன். டிரைவர் தங்கமான மனுசன்" என்றார் பாவம்.

அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "அம்மிணி, என்னைய பஸ்ல உக்கார வெச்சுட்டுப் போற டூருன்னா எனக்கு வேண்டாஞ் சாமி. பஸ்ல உக்காரோணும்னா குன்னத்தூர் டவுன் பஸ்ஸே போதும்."

ஆக, அப்பாவை பஸ்ஸில் விட்டுவிடாத டூராகப் பிடிக்க வேண்டும். இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் "பெரியவங்களை எங்க அப்பா மாதிரி பாத்துக்குவோமுங்க" என்றார்கள். எதை நம்புவது? எங்கள் ஊரில் வாய் வார்த்தையை நம்பி யாரும் ஒரு பனியன்கூட வாங்க மாட்டார்கள். முதலில் சாம்பிள் தைத்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அதை இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து ஓகே சொன்னால்தான் ஆர்டர். நானும் அதையே சொன்னேன். "எங்கப்பாவோட ஒருக்கா சிவன்மலை முருகன் கோயலுக்கு வாங்க. சாம்பிள் பாத்துட்டுச் சொல்றனுங்க."

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "டூருக்குச் சாம்பிள் கேட்ட மொத ஆளு நீதான்!"

முதலில் வந்தவர் கோயமுத்தூர்க்காரர், சின்ன வயசு. பேச்சு தேனாக இருந்தது. அப்பா அடிவாரத்தில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பாதி மலை ஏறிவிட்டார். மேலேயிருந்து என் செல்போனுக்குக் கூப்பிட்டு, "எங்க இருக்கீங்க?" என்றார். அப்பா போனை வாங்கி, "நீங்க உட்டுட்டுப் போன எடத்துலயேதானுங்க" என்றார்.

அடுத்தவர் திருப்பூரிலேயே டூர் நடத்துகிறவர். அறுபது வயசிருக்கும், கனத்த உடம்பு. நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கி, தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்கறனுங்க" என்றார். நாங்கள் மெதுவாக ஏறிக் கும்பிட்டு இறங்கி வந்தபோது அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "இது ரிஜெக்ட் பீசு" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லீங் மாப்ள, இவருதான் பாஸு" என்றார் அப்பா. "பஸ்ஸை எடுன்னு சொல்ற ஆளே எனக்குப் பின்னால வந்தா, பஸ்ஸு எப்படிங்க கெளம்பும்?"

அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவருடைய கும்பலோடே அப்பாவும் நானும் கிளம்பினோம்.

பத்துமலை அடிவாரத்தில் தங்க நிறத்தில் முருகன் வானத்தளவு நின்றான். அப்போதுதான் புதிதாக வைத்திருந்தார்கள். அவன் பக்கத்தில் படிகள் செங்குத்தாகப் போயின. மற்றவர்கள் குடுகுடுவென்று ஏறிவிட்டார்கள். அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒரு படி வைத்தார். பிறகு திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். டூர்க்காரர் முன் சீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் கைக்குட்டையோடு சாய்ந்திருந்தார்.

அப்பா படியைவிட்டு இறங்கி, திரும்ப பஸ்ஸுக்கு நடந்தார். பயந்துவிட்டாரோ, பஸ்ஸிலேயே உட்காரப் போகிறாரோ என்று பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்க, நீங்க வரலீங்களா?" என்று டூர்க்காரரைக் கேட்டார் அப்பா.

"நான் பாத்ததுதானுங்க."

"மேல எப்படிங்க இருக்கும்?"

"குகைங்க. பெரிய குகை."

"பெருசுன்னா? நம்ம சிவன்மலைக் கோயலாட்டவா?"

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "நெசத்தைச் சொன்னா, நான் ஏறுனதே இல்லீங்க. எத்தனையோ வாட்டி வந்துட்டேன். ஆளுங்க பையைப் பாத்துக்கோணுமில்லீங்க."

"பையை டிரைவர் பாத்துக்குவாரு. எந்திரிங்க. உங்களைய பஸ்ல உட்டுட்டு நான் மட்டும் போயிக் கும்புட்டா, அந்த முருகன் எங்கிட்டத்தானுங்க கேப்பான்."

இரண்டு பேரும் ஏறினார்கள், பின்னால் நான். அதை ஏறுவது என்று சொல்லலாமா தெரியவில்லை. கொஞ்சம் ஏறுவது, நிறைய உட்காருவது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் மஞ்சள் விலையும் மருமகள் சண்டையும் பேசினார்கள். டூர்க்காரர் மடியில் வைத்திருந்த ஆரஞ்சைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. "போகுது உடுங்க, அது நம்மளைவிட வேகமா ஏறுது" என்றார் அப்பா. எங்கள் ஆட்கள் கும்பிட்டுவிட்டு எதிரே இறங்கி வந்தார்கள். "நேரமாச்சுங்க!" என்றார் ஒருவர். டூர்க்காரருக்கு எங்கிருந்தோ வீறாப்பு வந்தது. "நேரமாச்சுன்னு நான்தானுங்க சொல்லோணும்!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

குகைக்குள் உயரத்தில் ஒரு திறப்பு வழியாக வெயில் இறங்கியது. சந்நிதியில் தீபாராதனை காட்டினார்கள். அப்பா என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. டூர்க்காரர் சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார். அப்பா தன் துண்டை அவரிடம் கொடுத்தார்.

நாங்கள் இறங்கி வந்தபோது வேகமாக நடக்கிறவர்கள் அத்தனை பேரும் பஸ்ஸுக்குள் வாடி வதங்கி உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெருவுக்குப் போகிற நேரம் போச்சே என்று ஓர் அம்மா முணுமுணுத்தார். அப்பா எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார்.

"உக்காந்தே இருந்தீங்களா? சீட்டு மெத்துன்னு இருந்துச்சுங்களா?" என்றார்.

டூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்த அம்மாவும்.

ஒரு விண்ணப்பம். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். எங்கள் சொந்தத்திலேயே சிலர், முருகன் கை கொடுத்து ஏற்றிவிட்டான், அன்றோடு அப்பாவின் கால் வலி போய்விட்டது என்று சேர்த்துச் சொல்கிறார்கள். வலி போகவில்லை. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் அப்பாவும் டூர்க்காரரும் ஓட்டல் ரூமில் படுத்துக் கிடந்தார்கள், இரண்டு பேருக்கும் நான்தான் தைலம் எடுத்துக் கொடுத்தேன். கை கொடுத்தவர்கள் இரண்டு வயசான மனுஷர்கள், ஒருத்தருக்கு ஒருத்தர். அவன் அருள் என்று நான் கும்பிடுவது அதைத்தான். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.