படிக்கிணறும் வெளிநாட்டுப் பம்பும்

அறுபதுகளின் கடைசியில் வேடசந்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது வருஷம் என் இடது கணுக்காலுக்கு மேல் ஒரு கொப்புளம் கிளம்பியது. நெருப்புக் கங்கை எடுத்து வைத்த மாதிரி எரிச்சல். அது உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒன்று நுனியை நீட்டியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். புகையிலைக் காட்டில் கூலி வேலை பார்க்கிறவர்.

"நரம்புச் சிலந்திப் புழு டீச்சர். இழுத்துப்புடாதீங்க, அறுந்துச்சுன்னா காலு பூராம் சீழ் வச்சுரும்" என்றார்.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, புழுவின் நுனியை அதில் மெதுவாகச் சுற்றித் துணியால் கட்டிவிட்டார். தினமும் கொஞ்சம் சுற்ற வேண்டும். முழுதும் வெளியே வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் இரண்டு கால்களிலும் பழைய தழும்புகள் இருந்தன. அவருக்கு இது காய்ச்சல், இருமல் மாதிரி ஒரு சங்கதி.

எல்லாம் ஊர்ப் படிக்கிணற்றால்தான். ஊருக்கே அது ஒன்றுதான் குடிதண்ணீர். பெண்கள் படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்குவார்கள். புழு வந்த கால் தண்ணீரில் பட்டால் எரிச்சல் அடங்கும். அந்த நேரம் பார்த்துப் புழு தண்ணீரில் குஞ்சுகளை விட்டுவிடும். அதைக் குடிக்கிறவர்களுக்கு அடுத்த வருஷம் புழு வரும். எப்போதாவது சைக்கிளில் வரும் சுகாதார இன்ஸ்பெக்டர் இதை எனக்கு விளக்கிச் சொன்னார். துணியை மடித்து வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சில வீடுகளில் கேட்டார்கள். "காட்டுல போய் நின்னுக்கிட்டு எங்க டீச்சர் வடிகட்ட?" என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். விதைப்புக் காலத்தில் பாதி ஊர் கட்டிலில் கிடக்கும். மழை பெய்து ஈரம் இருக்கும், இறங்கி ஏர் பூட்ட ஆள் இருக்காது.

பிறகு மழையும் பொய்த்தது. அந்தக் கோடையில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த, ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம் பெரிய லாரியில் வந்து இறங்கியது. உலகம் முழுக்கப் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காகப் பாடுபடுகிற நிறுவனம் என்றார்கள். பாறை உடைகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை. பள்ளியை விட்டுவிட்டு நானும் பிள்ளைகளோடு போய் நின்றேன். வெள்ளைப் புழுதி பறந்து எல்லார் தலையும் நரைத்துப்போனது. சாயங்காலம் சேறும் தண்ணீருமாகப் பீறிட்டு வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சில வாரத்தில் வார்ப்பிரும்பு அடிபம்பு வைத்தார்கள். அதற்குப் பச்சைப் பெயிண்ட். அடித்தால் சில்லென்று தண்ணீர் கொட்டியது. இனி இந்த ஊரில் யாருக்கும் புழு வராது என்று நான் மனசார நம்பினேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் கைப்பிடி உடைந்துவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஊரே அடிக்கிற பம்பு; உடையாமல் என்ன செய்யும்? பெண்கள் பழையபடி குடத்தோடு படியிறங்கினார்கள்.

அக்காவையும் இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு வேடசந்தூர் யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "துளை போட்டது நாங்க இல்லம்மா, திண்டுக்கல்லுல போய்க் கேளுங்க" என்றார். இன்னொரு நாள் லீவு போட்டுவிட்டுத் திண்டுக்கல் போனோம். இன்ஜினீயர் கேம்ப் போயிருந்தார். மறுபடி போனபோது இருந்தார்.

"அது வெளிநாட்டுச் சாமான். நாங்க கை வைக்கக் கூடாது. ஸ்பேர் வந்தாத்தான் மாட்ட முடியும்."

"எப்ப சார் வரும்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

வெளியே வந்ததும் அக்கா, "இரும்புக் கம்பி ஒண்ணுக்கு இம்புட்டு அலைச்சலா?" என்றார்.

மாதக்கணக்கில் செத்துக் கிடந்த பம்பை ஒருநாள் திடீரென்று இரண்டு ஆட்கள் வந்து சரிசெய்தார்கள். புதுப் பெயிண்டும் அடித்தார்கள். மறுநாளே காரணம் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பார்வையிட வந்தார். கூடவே நம் அரசாங்க அதிகாரி ஒருவர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு.

வெளிநாட்டுக்காரர் அக்காவைப் பார்த்து, தண்ணீர் நன்றாக வருகிறதா என்று கேட்டார். அதிகாரி தமிழில் சொன்னார்.

"நேத்திலருந்துதாங்க ஓடுது. அம்புட்டு நாளும் செத்துக் கெடந்துச்சு. நாங்க கெணத்துலதான் எறங்குறோம்" என்றார் அக்கா.

ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறதாம், நன்றி சொல்கிறாராம் என்று அதிகாரி அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும். குறுக்கே புகுந்து சொல்லிவிட்டேன்: "நோ சார். பம்ப் ரிப்பேர் எஸ்டர்டே ஒன்லி."

வெளிநாட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை; நான் திக்கித் திக்கிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு நிறைய பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "பம்பு குடுக்கிறதுதான் அவங்க வேலையாம். ரிப்பேர் பாக்கிறது நம்ம கவர்மெண்ட் வேலையாம்" என்றார். தானே அந்த கவர்மெண்ட் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல.

"சரி சார். அந்தப் படிக்கிணத்துல எறங்காத மாதிரி ஒரு சுவராவது கட்டிக் குடுங்க."

"கெணறு இந்தத் திட்டத்துல இல்லம்மா."

ஜீப்புகள் போய்விட்டன. கொஞ்ச நாளில் பம்பு மறுபடி நின்றது. இந்தத் தடவை உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. சுவருக்காகப் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். "பம்பு இருக்கிற ஊருக்குக் கெணத்துச் சுவர் கட்ட எவன் பணம் குடுப்பான் டீச்சர்?" என்று சிரித்தார். ஓடாத பம்பு இருந்ததால் எங்களுக்குக் கிணற்றுச் சுவரும் இல்லாமல் போனது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் நாங்களே கிளம்பினோம். அக்காவும் ஏழெட்டுப் பெண்களும் கருவேல முள்ளை வெட்டி வந்து படியின் வாயை அடைத்தார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு கல்லை நட்டு, கட்டை போட்டு, கயிறும் வாளியும் வைத்தோம். கொஞ்ச காலம் யாரும் இறங்கவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

கோடையில் தண்ணீர் அடிக்குப் போனது. வாளி சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் முள்ளெல்லாம் ஓரமாகக் கிடந்தது. கீழே பெண்கள் கொட்டாங்கச்சியால் ஊற்றுத் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அதில் இருந்தார்.

"என்ன டீச்சர் செய்ய? குடிக்கணுமே" என்றார் மேலே பார்த்து.

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? நானும் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த பள்ளி வருஷம் தொடங்குமுன் தாடிக்கொம்புப் பக்கம் எனக்கு மாற்றல் வந்தது. வாய் திறந்ததற்கு வந்ததா, தானாக வந்ததா, யாரும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட அக்கா வந்தார். வலது காலில் துணி சுற்றியிருந்தது. ஈர்க்கு நுனி வெளியே தெரிந்தது.

"இந்த வருசமுமா?"

"ரெண்டு வந்துருக்கு. கடலை பறிக்கப் போகல" என்றார். பிறகு, போகிற ஊரில் வீடு கிடைத்துவிட்டதா, வாடகை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது, பஸ் வரவில்லை.

"செத்த நேரத்துல ஊத்து வத்திரும் டீச்சர், நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.