மஞ்சள் தண்ணி ஒழுகின கார்

வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன் தனக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். கார் வேர்க்கத் தொடங்கினால் ஊர் முழுக்கப் பார்க்கும். வீட்டு முற்றத்தில் பொனட்டைத் திறந்துவைத்து, "இது சின்ன வேலைதானே" என்று ஸ்பானரைத் தூக்கினவர்கள் உங்களில் எத்தனை பேரோ! நான் அப்படித் தூக்கினது சண்டைக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில்.

புதுசும் பழசும்

சண்முகம் ஐயாவின் வீட்டு அனெக்ஸில்தான் நானும் மனைவியும் குடியிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற கிளார்க். தன் வீட்டு முற்றத்திலேயே காரை விட இடம் தந்திருந்தார். என் கார் வயசான கார். ரேடியேற்றர் துருப்பிடித்துப் போனதால் பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வேறொன்று வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். கராஜில் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்த வேலை. பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் செருகி, கிளிப்புகளை இறுக்கினேன். ஐயா வந்து பார்த்தபோது, "இனி அஞ்சு வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை" என்று பெருமையாகச் சொன்னேன்.

காலையில் எழும்பி வந்தால், காருக்கு அடியில் குளம். தண்ணி முற்றத்தைத் தாண்டி ஐயாவின் வாசற்படி வரைக்கும் போயிருந்தது. அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். நான் துணியோடு ஓடினேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, புதுசு போட்டதெண்டெல்லோ சொன்னனீர்? பழசு இவ்வளவு ஒழுகேல்லையே."

கொட்டாஞ்சேனை ஏற்றம்

கிளிப்புகளை இன்னும் இறுக்கினேன். சொட்டு நிற்கவில்லை. ரேடியேற்றரிலேயே எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். மஞ்சள் தூள் போட்டால் வெடிப்பு அடைபடும் என்று கார் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். வீட்டில் இருந்த மஞ்சள் தூள் போத்தலை அப்படியே உள்ளே கவிழ்த்தேன். மனைவி அன்றைக்கு வெள்ளைக் கறிதான் வைத்தாள்.

பிலோமினா டீச்சர் என் வாடிக்கையாளர். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறவர். அவருடைய தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் பொனட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். டீச்சர் இறங்கி, ஒரு கையில் பூச்செண்டும் மறு கையில் விசிறியுமாக ரோட்டோரம் நின்றார். சூடு ஆறியிருக்கும் என்று நினைத்து, பொனட்டைத் திறந்து ரேடியேற்றர் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று பீய்ச்சியடித்த தண்ணி என் தலைக்கு மேலால் போய், டீச்சரின் வெள்ளைப் பட்டுச் சேலையில் விழுந்தது. நல்லகாலம், சுடவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து கரை வரைக்கும் மஞ்சள். கோயில் வாசலில் நின்ற கலியாண ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கைலேஞ்சியால் துடைக்கப் போய் மஞ்சளை இன்னும் பரப்பினேன். டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சேலையைக் குனிந்து பார்த்தார்.

"அறுபது வயசுல எனக்கு மஞ்சள் நீராட்டு நடத்தின ஆள் நீங்கதான் தம்பி."

பாலத்தடியில்

அதற்குப் பிறகு கிளிப்புகளை என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். சொட்டு நின்றது. முற்றம் காய்ந்து கிடந்தது. ஐயாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் மகள் வாசுகி, கலியாணம் கட்டி இரண்டு வருசம் கழித்து இப்போதுதான் லண்டனில் இருக்கிற புருசனிடம் போகிறாள். எயார்போர்ட்டுக்கு என் காரிலேயே போவோம் என்றார். விசாவுக்கு அந்தக் குடும்பம் பட்டபாடு எனக்குத் தெரியும். காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன்.

களனிப் பாலத்தடிச் செக்பொயின்றில் அடையாள அட்டைகளைப் பார்த்து முடித்த ஆமிக்காரன் போகச் சொல்லிக் கையைத் தூக்கினான். தூக்கின கை அப்படியே நின்றது. காருக்கு அடியில் மஞ்சளாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. "பஹிண்ட!" என்று கத்தினான். எல்லோரும் இறங்கினோம். பொனட், டிக்கி, சூட்கேஸ் எல்லாம் திறக்கவேண்டி வந்தது. வாசுகியின் சேலைகள், தாய் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், உள்ளுடுப்புகள் எல்லாம் ரோட்டில் விரித்த சாக்கில் கிடந்தன. போகிற பஸ்ஸெல்லாம் எட்டிப் பார்த்தது. வாசுகி அழுதுகொண்டே ஒவ்வொன்றாக மடித்தாள்.

"மேக்க மொகத்த?" என்று ஆமிக்காரரில் பெரியவன் சொட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். "வத்துர சேர், ரேடியேற்றர் வத்துர" என்றேன். தண்ணி ஏன் மஞ்சள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மஞ்சள் தூள் கதையைச் சொன்னேன். அவன் விரலில் தொட்டு மணந்து பார்த்தான். பிறகு சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். துவக்கோடு நின்றவர்கள் சிரித்தது பெரிய நிம்மதி. ஆனால் காரில் தண்ணி இல்லை, நேரமும் இல்லை. அந்தப் பெரியவனே எயார்போர்ட்டுப் பக்கம் போன ஒரு வான் வண்டியை மறித்துத் தகப்பனையும் மகளையும் ஏற்றிவிட்டான். சூட்கேஸைத் தூக்கிக் கொடுக்க நான் பின்னால் ஓடினேன். ஐயா அதைத் தானே வாங்கி ஏற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீர் வரவேண்டாம் தம்பி. காரைப் பாத்துக்கொண்டு நில்லும்."

ஒரு விரல் அகலம்

ஆமிக்காரர் தந்த தண்ணியை ஊற்றி ஊற்றி, நின்று நின்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்தேன். பழைய பேப்பரை விரித்து, தண்ணி நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, படுத்துக் கிடந்து பார்த்தேன். முதல் சொட்டு கீழ் ஹோஸின் வாயிலிருந்து வந்தது. ஹோஸ் செருகுகிற குழாயின் நுனியில் ஒரு சின்ன மேடு உண்டு. கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே இருந்து பிடிக்கவேண்டும். நான் மேட்டின் மேலேயே பூட்டியிருந்தேன். இறுக்க இறுக்க அது வெளியே வழுக்கியிருக்கிறது. ரேடியேற்றரில் வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் பூட்டினேன். பேப்பர் நனையவே இல்லை.

ஒழுக்கு நின்றதில் ஒரு சந்தோசமும் வரவில்லை. இவ்வளவுக்குத்தானா அந்தப் பிள்ளையின் உடுப்பையெல்லாம் ரோட்டில் விரித்தோம் என்று கூசியது. ஐயாவுக்கு முன்னால் போக வெட்கப்பட்டு மூன்று நாலு நாள் பின்வாசலால் நடமாடினேன். கடைசியில் அவரே அனெக்ஸ் கதவைத் தட்டினார்.

"வாசுகி போன் எடுத்தவள். தான் சுகமாப் போய்ச் சேர்ந்திட்டாளாம். உம்மட கார் வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ எண்டு கேட்டவள்."

அதற்குப் பிறகும் பல காலம் கார் ஓட்டினேன். ஆனால் என்ன ஒழுகினாலும் ஸ்பானரைத் தேடுவதற்கு முதல், பயணியை ஏற்றிவிட வேறொரு காரைத் தேடுகிறவனாகிவிட்டேன்.