தினமும் கை வைத்த இடம்

தொண்ணூற்று ஆறாம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் அப்போது எங்கள் வீடு. நான், என் மனைவி, ஒரே பையன். அந்தப் பையன் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

நான் தி.நகரில் ரவிக்கை தைக்கிற ஒரு கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். சின்ன வயசிலிருந்தே பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பூட்டின கதவைப் பாதிப் படி இறங்கியவன் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் சமையல் காஸ். யாரோ எங்கேயோ சிலிண்டர் வெடித்த கதையைக் கடையில் ஒரு அம்மா சொன்னார்கள். அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் அடுப்படிக்குப் போய், சிலிண்டர் ரெகுலேட்டரைக் கையால் தடவிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. "இன்னா, சாமி கும்புட்டாச்சா?" என்று மனைவி உள்ளேயிருந்து கிண்டல் செய்வாள்.

இவ்வளவு பயந்தவனுக்கு, பதினாறு வயசுப் பையன் பிரவுன் சுகர் என்கிற போதைத்தூளைப் பழகிக்கொண்டது தெரியவில்லை. இளைத்தான், டைபாய்டோ என்று பயந்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். எந்நேரமும் தூங்கி வழிந்தான், பிளஸ் ஒன் பாடம் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சிகிச்சை இல்லத்தில் சேர்த்தோம். அந்த வயசுப் பையன்களுக்கென்றே தனியாகக் கட்டம் கட்டமாக வைத்தியம். முதல் கட்டத்தில் உடம்பு தெளிய வேண்டும், பெற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இரண்டாவதில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவார்கள், ஞாயிறு தோறும் எங்களுக்கும் வகுப்பு உண்டு. மூன்றாவதில் வீட்டுக்கு வந்துவிடலாம், பள்ளிக்கூடம் போகலாம், சாயங்காலம் மட்டும் அங்கே போய்வர வேண்டும். ஆனால் மூன்றாவதுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. பையன் ஆலோசகரோடு வீட்டுக்கு வந்து, தான் ஒளித்து வைத்ததையெல்லாம் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். பெற்றவர்கள் தேடக் கூடாது, தூண்டித் துருவக் கூடாது. எதையாவது மறைத்தான் என்று தெரிந்தால் திரும்ப முதல் கட்டம். அப்படி ஆனால் அந்த வருஷப் படிப்பு போச்சு. இவனும் என்னைப் போலப் பாதியில் நின்றுவிடுவானோ என்ற நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

தேடக் கூடாது என்றால் நான் கேட்கிற ஆளா? அவன் வருவதற்கு முதல் நாளே பாய், தலையணை, புத்தகப் பை, பழைய ஷூ என்று எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஆலோசகர் ஒரு காலத்தில் அதே பழக்கத்தில் விழுந்து எழுந்தவர். கனத்த உடம்பு. மாடி ஏறிய மூச்சிரைப்போடு உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, மாடி ஏறுனது நானு, வேர்க்கறது உனக்கா? குந்து, குந்து. புள்ள பாத்துக்குவான்."

பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஜன்னல் திரைச்சீலைக் குழாயைக் கழற்றினான். அதற்குள்ளிருந்து ஒரு காகித மடிப்பு விழுந்தது. அந்தத் திரை நான் தைத்தது. அடுத்து டிவி ஸ்டெபிலைசருக்குப் பின்னாலிருந்து ஒன்று. மூன்றாவது சாமி படத்துக்குப் பின்னால். "அடப்பாவி!" என்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டில் எனக்குத் தெரியாத இன்னொரு வீடு இருந்திருக்கிறது.

"அவ்ளோதானா நைனா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"அவ்ளோதாண்ணா."

"சரி, வா போலாம்." அவர் சந்தேகப்பட்ட மாதிரியும் தெரியவில்லை, நம்பின மாதிரியும் தெரியவில்லை.

இருவரும் படியிறங்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் திருப்பத்தில் பையன் நின்றான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். உண்மையைச் சொல்கிறேன், போய்விடுடா, வாயைத் திறக்காமல் போய்விடு என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

அவன் திரும்பி வந்தான். என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போய் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தான். அடிவளையத்துக்குள் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இரண்டு மடிப்பு, கூடவே பாதி தீர்ந்த தீப்பெட்டி.

சிலிண்டருக்கு அடியில் தீப்பெட்டி. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். புது சிலிண்டர் வரும்போதெல்லாம் "நீ விடுப்பா, நான் மாட்றேன்" என்று ஓடி வருவான். இதுவும் அவன் போகுமுன் மாட்டியதுதான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று கடை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"ஏண்டா இங்க?" என்று கேட்டேன்.

"நீ டெய்லி கை வெச்சிப் பாக்கற எடம்பா. பயந்துகினே தொடுவ. குனிஞ்சி பாக்க மாட்ட," என்றான். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. அழுதுகொண்டே சொன்னான்.

ஆலோசகர் கதவருகே வந்து நின்றிருந்தார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "திரும்ப மொதல்லேர்ந்தா சார்?"

"பொய் சொன்னான் இல்ல? அதனால மூணாவது இப்போ இல்ல. படியேறித் திரும்பி வந்தான் இல்ல? அதனால மொதல்லேர்ந்தும் இல்ல. ரெண்டாவதுலயே கொஞ்ச நாள் இருக்கட்டும்," என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "நாங்க கேட்டு அவன் எட்த்தது மூணு. இத்த யாரும் கேக்கல அண்ணாத்த. இதான் கணக்கு," என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்றாவது கட்டத்துக்கு வந்த பிறகு ஒருமுறை சறுக்கினான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, நான் பயந்தபடியே ஒரு வருஷப் படிப்பும் போனது. ஆனால் அந்த முறை விஷயத்தை எனக்கு முதலில் சொன்னது அவனேதான், நானும் கத்தாமல் உட்கார்ந்து கேட்டேன். அடுத்த வருஷம் திரும்பப் பள்ளிக்கூடம் போனான், அப்புறம் பிளஸ் டூவும் முடித்தான். இப்போது வேலைக்குப் போகிறான்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது, இன்றைக்கும் ரெகுலேட்டரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறேன்; பயப்படுவதுதான் பிள்ளையைக் கவனிப்பது என்று பதினாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவனை, படியில் பாதி இறங்கித் திரும்பி வந்த அந்தக் கால்கள்தான் குனிந்து பார்க்க வைத்தன.