உட்காரத் தெரிந்த ரோபோ

பஸ் அக்கா வண்டிச் சாவியைத் திருகுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடுவாள். நீளமான வேண்டுதல் எல்லாம் கிடையாது. "கடவுளே, ஏறினவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும்." அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் பேராசை என்று நினைக்கிறவள். அந்த ஒன்றை அவர் இதுவரை தட்டாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதில் அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தே செய்கிற வேலை. முதுகு பிடித்துக்கொள்ளும். சலூன் வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர், பழைய சுழல் நாற்காலியின் ரெக்ஸினைப் பிரித்து அவளுக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிப்போவுக்குள் நுழைந்தால், "சிம்மாசனம் வந்தாச்சு, மகாராணியும் வந்துட்டாங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கடந்து போய்விடுவாள். யாரையும் வெடுக்கென்று பேசத் தெரியாத சுபாவம்.

இந்த அக்காவுக்கு ரோபோ பொம்மைப் பைத்தியம் என்றால் புதிதாகக் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். அது தொற்றிக்கொண்டதும் பஸ்ஸில்தான். ஒருநாள் கடைசி சீட்டில் யாரோ விட்டுவிட்டுப் போன பொம்மை ஒன்று கிடைத்தது. விரித்தால் ரோபோ, மடக்கினால் கார். டிப்போ அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். தேடி யாரும் வரவில்லை. வருஷக் கடைசியில் அலமாரியைக் காலி செய்தபோது, குடைகளையும் டிபன் டப்பாக்களையும் மற்றவர்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு கையைத் தூக்கியபடி ரோபோ மட்டும் தனியாக நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பொழுது கிடைத்தபோதெல்லாம் மடக்கிப் பார்த்தாள். காலை மடித்தால் கை துருத்தும், கையை அடக்கினால் தலை வெளியே வரும். ஒரு மத்தியானம் எல்லாம் தானாக ஒன்றுசேர்ந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கையில் கார். அந்த 'டக்'கில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தட்டுத் தட்டாக ரோபோக்கள். "இந்த வீட்ல மடங்காத ஆளு நான் ஒருத்தன்தான்" என்பார் வீட்டுக்காரர். "நீங்க மடங்கி எத்தனையோ வருஷமாச்சு, யாரும் சொல்லலையா?" என்பாள் அவள்.

கார் இருந்தது, விமானம் இருந்தது, லாரி இருந்தது. குப்பை வண்டிகூட ஒன்று இருந்தது. பஸ் மட்டும் இல்லை. பெரிய கம்பெனிகள் எதுவும் பஸ்ஸை ரோபோவாக்க நினைக்கவே இல்லை. வேகமாகப் போகிறதுதான் அவர்களுக்கு வீரன். நின்று நின்று ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறதை யார் மதிக்கிறார்கள்? இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அலமாரியில் தூசி தட்டும்போது நடுத்தட்டில் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டு வைப்பாள்.

அந்தக் காலி இடத்துக்கு ஒருநாள் ஆள் கிளம்பியது. பல்செட் செய்து கொடுக்கும் ஒருவர், அவரும் இதே பைத்தியம்தான், பல் அச்சு எடுக்கிற மெஷினிலேயே பஸ் ரோபோ ஒன்றை மாதிரிக்குச் செய்துவிட்டார். ஆனால் நிறையச் செய்ய அச்சு வெட்ட வேண்டும், அதற்குப் பெரிய தொகை ஆகும். அதனால் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார். வேண்டும் என்பவர்கள் முன்பணம் போடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் போதுமான ஆட்கள் சேர்ந்தால் வேலை தொடங்கும். சேராவிட்டால் எல்லாருடைய பணமும் திரும்பிப் போய்விடும், பஸ்ஸும் இல்லை.

அக்கா முதல் நாளே போட்டுவிட்டாள். மற்ற பொம்மைப் பைத்தியங்களில் பலர் போடவில்லை, சண்டை போட்டார்கள்.

சண்டை அளவைப் பற்றியது. காருக்குப் பக்கத்தில் வைத்தால் பஸ் பஸ்ஸாகத் தெரிய வேண்டாமா, பெரிதாகச் செய் என்று பாதிப் பேர். பெரிதாகச் செய்தால் அலமாரியில் நிற்காது, சின்னதாகச் செய் என்று மீதிப் பேர். பெரிதாக்கினால் இவர்கள் போய்விடுவார்கள், சின்னதாக்கினால் அவர்கள். பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது.

சலூனுக்கு விடுமுறை நாளில், மத்தியானம், அக்காவின் ரோபோக் கூட்டாளிகள் அங்கேதான் கூடுவார்கள். உட்கார நாற்காலி இருக்கிறது, சுற்றிக்கொள்ளலாம், எதிரே கண்ணாடி வேறு. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே முறைத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பல்செட்டுக்காரரும் மாதிரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிறம். இருந்தாலும் ஜன்னல், படிக்கட்டு, முன் கண்ணாடி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை.

"இது பெரிய அளவு" என்றார் அவர். "எதுக்கும் வச்சுப் பாப்போம்."

கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பா வைக்கும் தட்டும் வீட்டு அலமாரித் தட்டின் உயரம்தான்; ரோபோவாக விரித்து அதில் நிறுத்திப் பார்த்தார்கள். தலை மேல்தட்டில் இடித்தது. நாலு விரற்கடை அதிகம்.

"பாத்தீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். கூட்டத்தில் மூத்தவர். "நம்ம எல்லார் வீட்லயும் ஒரே அலமாரி. டீச்சர் வாங்கினாங்கன்னு நாமளும் போய் அதே கடையில அதையே வாங்கி வச்சிருக்கோம். தட்டு நகராது, ஒட்டி வச்சிருக்கான். இதை எங்க வைக்கிறது, தலையிலயா?"

கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது. "அலமாரி வாங்கினது என் தப்பா சார்? பஸ்ஸு காரை விடச் சின்னதா இருந்தா அது பஸ்ஸா, பிஸ்கட் டப்பாவா?"

"உங்க கணக்குப்படி செஞ்சா நான் வீட்டுக் கூரையைப் பிரிக்கணும்."

"பிரிங்க. காத்து வரும்."

"சரி, அளவை விடுங்க. முன்பணம்னாலே எனக்குப் பயம். ஞாபகம் இருக்கா, டிராகன் ரோபோ செய்யறேன்னு ஒருத்தன் எல்லார்கிட்டயும் வாங்கினானே? டிராகனும் வரல, அவனும் வரல. ரெண்டும் பறந்துடுச்சு."

பல்செட்டுக்காரர் முகம் சிறுத்துப்போனது. "சார், நான் பல்லு செய்யறவன். வாயில சரியா உக்காரலைன்னா மறுநாளே வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்கு ஓடத் தெரியாது சார்."

"நீங்க நல்ல ஆளுதான் தம்பி. ஆனா பல்செட்டுக்கு அளவெடுத்துட்டுத்தானே முன்பணம் கேப்பீங்க? இங்க அளவே முடிவாகலையே."

நியாயமான பேச்சு. அக்கா மருந்துக்கடைக்காரரையும் பார்த்தாள், டீச்சரையும் பார்த்தாள். இரண்டு பேரும் அவளுக்கு வேண்டியவர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

"விடுங்கக்கா" என்றார் பல்செட்டுக்காரர். துணியை எடுத்து மடித்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட இழுக்க வேணாம். இன்னிக்கே பக்கத்தை மூடிடறேன். எல்லாருக்கும் பணம் திரும்பிடும், மனஸ்தாபமும் இருக்காது."

அக்கா வாயைத் திறந்தாள். 'எனக்கு வேணும்' என்று சொல்லலாம். அவளுக்கு மட்டும் வேண்டும் என்பதற்காக யார் அச்சு வெட்டுவார்கள்?

இவ்வளவு நேரம் மூலையில் கத்திரிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. நாலு பேர் சும்மா இருந்தால் சிரிக்க வைத்தாக வேண்டும் அவருக்கு. தொழில் பழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் போடும் பலகையை எடுத்துப் போட்டார். ரோபோவை அதன் மேல் வைத்தார். கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினார்.

"சாருக்கு கட்டிங்கா, ஷேவிங்கா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு போதாதா அவருக்கு? "இப்படி விறைப்பா நின்னா எப்படி சார் வெட்டறது? கொஞ்சம் உக்காருங்க" என்று தோளைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

படக்.

அக்காவுக்கு 'டக்' எல்லாம் அத்துப்படி. இது மடங்குகிற சத்தம் இல்லை, உடைகிற சத்தம்.

வீட்டுக்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. "ஐயோ, தம்பி" என்றார். "சும்மா விளையாட்டுக்குதான்... நான் ஒரு மடையன்..." இருந்த மாதிரிப் பொம்மை அது ஒன்றுதான். மருந்துக்கடைக்காரர்கூட, "மாப்பிள்ளே, என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்று எழுந்துவிட்டார். பல்செட்டுக்காரர் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். இடுப்பில் உள்ளே ஏதோ விட்டுப்போய், கால்கள் முன்னால் நீண்டு, முழங்கால் மடங்கி, ரோபோ பலகையின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது. கைகள் இரண்டும் முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மாதிரி.

அதை எடுக்கப் பல்செட்டுக்காரர் கை நீட்டினார்.

"எழுப்பாதீங்க தம்பி" என்றாள் அக்கா. தன் குரல் அவ்வளவு உறுதியாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். "அப்படியே இருக்கட்டும்."

"உடைஞ்சுபோச்சுக்கா."

"உடையட்டும். பாருங்களேன். அலமாரியில எல்லாம் நின்னுக்கிட்டே இருக்கு. கையைத் தூக்கிக்கிட்டு, சண்டைக்குப் போற மாதிரி. பஸ்ஸுக்கு எதுக்கு அது? நான் நாள் முழுக்க உக்காந்துதான் பொழைக்கிறேன். எனக்கு இது இப்படி உக்காந்திருந்தா போதும்."

டீச்சர் ரோபோவைத் துணியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பவுடர் டப்பாத் தட்டில் உட்கார வைத்தாள். தலை இடிக்கவில்லை. மேலே இன்னும் ஒரு விரலை நுழைக்கலாம்.

பல்செட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "இடுப்புல ஒரு கீல் வச்சா..." என்று தனக்குத்தானே சொன்னார். "நிக்கவும் நிக்கும், உக்காரவும் உக்காரும். பெரிய அளவுலயே செய்யலாம். சின்ன அளவே வேணாம்." பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, துணியைக் கழட்டாதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்ப நான் உடைக்கலையா?"

"உடைச்சீங்க. நல்ல எடத்துல உடைச்சீங்க."

எல்லாரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் ரோபோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கவுன்ட்டர்ல நின்னே காலம் தள்ளுறவன்" என்றார் மெதுவாக. "என் கண்ணு முன்னால ஒண்ணாவது உக்காந்திருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா முன்பணம் போடமாட்டேன். அது வேற விஷயம்."

அந்தப் போட்டோ போன வேகம் யாரும் நினைக்காதது. கழுத்தில் வெள்ளைத் துணியோடு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் ரோபோவைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அளவுச் சண்டை இருந்த இடம் தெரியவில்லை. பெட்டிக்குள் துணியும் வருமா வராதா என்று புதுச் சண்டை கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வேலை நாள். ஓட்டும்போது செல்போனைத் தொடுகிற வழக்கம் அவளிடம் இல்லை, அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். அன்றும் போட்டாள். ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடினாள். "ஏறினவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும்." பிறகு, "கடவுளே, முடிஞ்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கடவுள் முன்னால் நோயாளிக்கும் கடன்காரனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு பொம்மை கேட்பதா? வெட்கமாக இருந்தது. சொல்லாத மிச்சம் அவருக்குத் தெரியாமலா போகும் என்று சாவியைத் திருகினாள்.

சாயங்காலம் கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் போனை எடுத்தாள். ஆன் செய்ததும் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏம்மா, உன் பஸ்ல சீட்டு ஃபுல்லு! ஒரு எடம்கூடக் காலியில்ல, ஜனங்க ஃபுட்போர்டுல தொங்குறாங்க!"

காலியான பஸ்ஸில் உட்கார்ந்தபடி அக்கா சத்தமாகச் சிரித்தாள். கண்ணும் கலங்கியது. போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நான் ஏறல" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ரெண்டு பேரைத்தான் ஏத்தி விட்டேன். நான் வண்டி வந்து நின்னப்புறம் ஏறிக்கறேன்."

"நீங்க எப்ப ஏறினாலும் எடம் உண்டுண்ணே" என்றாள்.

வண்டி சொன்ன தேதிக்கு வரவில்லை. கீல் ஒருமுறை இறுகிப்போனது, பச்சைப் பெயிண்ட் ஒருமுறை நீலமாக வந்தது. சலூனில் கூடும்போதெல்லாம் மருந்துக்கடைக்காரர், "டிராகன் வந்துச்சா?" என்று குசலம் விசாரிப்பார். பல்செட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் அன்றன்றைய வேலையைப் போட்டோவில் காட்டுவார். கடைசியில் பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே கைக்குட்டை அகலத்தில் வெள்ளைத் துணியும் இருந்தது. மருந்துக்கடைக்காரர் கூடுதல் விலை கொடுத்து ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார். "கூடப் போனாலும் பொருளைப் பாத்துட்டுக் குடுத்தேன்" என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறார். அது அவர் கவுன்ட்டரில், மாத்திரை டப்பாக்களுக்கு நடுவில், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

அக்கா வீட்டில் நடுத்தட்டு நிறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் மெத்தையை ஆணியில் மாட்டிவிட்டு, அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். சுற்றிலும் மற்றதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதுவும் இந்தப் பக்கம் இவளும். பேச ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஏறினவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

"ரெண்டு ஓட்டுநருங்களும் எழுந்திரிக்கிறீங்களா?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார். "சாப்பாடு ஆறுது."