அத்தையின் பானையில் என் கல்

பொட்டிப்புரம் பக்கம் கிணறு வெட்டிக் கொட்டிய குவியலில் பொறுக்கிய படிகங்களை நான் இன்னும் சோதிக்கவில்லை. இன்று காலை பார்த்தால் இரண்டைக் காணோம்.

ஒன்று அத்தையின் குடிதண்ணீர்ப் பானைக்குள் கிடந்தது.

"ஸ்படிகம்லடா. ஊறுன தண்ணியக் குடிச்சா உடம்புச் சூடு குறையும்."

"என்ன கல்லுன்னு எனக்கே தெரியல அத்தை, அதுக்குள்ள குடிச்சிட்டீகளா?"

"ஏலே, என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. அப்புறம் எடுக்கேன்."

ஸ்படிகத்தைக் கத்தி கீறாது. இதைக் கீறியது. உதிர்ந்த தூளில் எலுமிச்சை பிழிந்தேன், நுரைத்தது. கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல் வகை. ஆபத்தில்லை.

"பச்சையா இன்னொன்னு இருந்துச்சே, எங்க?"

"எதிர்வீட்டு ஈஸ்வரி வீட்டுக்காரருக்கு உடம்பு கொதிக்குதுன்னு சொன்னாக. குடுத்துட்டேன்."

பச்சை என்றால் செம்பு கலந்த கல்லாகக்கூட இருக்கலாம்; அது ஊறிய தண்ணீர் விஷம். கத்தியையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, அந்தத் தண்ணியக் குடுக்காதீக! கல்லைக் குடுங்க!"

ஈஸ்வரி அக்கா ஜன்னல் வழியே என் இரண்டு கைகளையும் பார்த்தார். "ஆத்தாடி, செய்வினை வைக்க வந்துருக்கான்!" என்று அலறித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

கல் கைக்கு வராமல் இந்த வாசலைவிட்டு நகர மாட்டேன். நீங்களாக இருந்தால் கதவைத் திறப்பீர்களா?