புஞ்சைக்குப் போக ஒரு வண்டி

எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, இனி பைக் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு வீடு சங்கரன்கோவிலில். மேலநீலிதநல்லூர் தாண்டி, அப்பா எனக்கென்று எழுதிவைத்த கரிசல் புஞ்சை. கடைசியில் வரும் வண்டிப்பாதையில் போனால் நல்ல இடுப்பே கழன்றுவிடும். ஒரு வருஷமாக என் வீட்டுக்காரர் மட்டும் போய் விதைத்துவிட்டு, செல்போனில் போட்டோ எடுத்து வந்து காட்டினார். போட்டோவில் பார்க்கவா நிலம் வைத்திருக்கிறோம்? என் புஞ்சையில் நான் போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் மேடு பள்ளம் தாங்கும் வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவானது.

முடிவானதும் விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் பக்கம் வண்டி பார்ப்பது ஆண்கள் காரியம். இவரும் கூட்டாளிகளும் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பானட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார்கள். ராஜபாளையம் ரோட்டில் ஒரு விரட்டு விரட்டி, வாசுதேவநல்லூரில் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்புவார்கள். பார்த்த வண்டி எல்லாமே அருமைதான். பூஜைக்கு மாலை வாங்குவது மட்டும் பெண்களின் பொறுப்பு.

ஒருநாள் வாசலில் பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஏறுவதற்கே நாற்காலி போட வேண்டியிருந்தது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நிறுத்தச் சொன்னேன்.

"இஞ்சின் சத்தத்தக் கேட்டியாட்டி?" என்றார் இவர்.

"என் இடுப்புச் சத்தந்தான் கேட்டுச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மழைக்காகக் காத்திருந்தேன். கரிசல் காய்ந்து கிடந்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நனைந்தால்தான் சக்கரத்தை அப்பிக்கொண்டு விடாது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் வண்டிப் புரோக்கருக்குப் போன் போட்டேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிறிப்போன பச்சை நிறம், கண்கொண்டு பார்க்க முடியாது.

"ராஜபாளையம் ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்க்கா."

"என் புஞ்சைக்குப் போவோம் அண்ணாச்சி."

"அங்கன சகதியால்லா கெடக்கும்."

"அதுக்குத்தான்."

இவர் முன்சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பின்சீட்டில். ஓடைப் பக்கம் வண்டி சறுக்கி, நின்று, பிறகு ஏறியதாம். இவர் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். ஜன்னலில் பக்கத்துப் புஞ்சையின் பருத்தி வந்தது, எங்கள் வேப்பமரம் வந்தது, அப்புறம் என் உளுந்து. பூ விட ஆரம்பித்திருந்தது. இறங்கியதும் செருப்பில் மண் அப்பியது. கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன். இவர் போட்டோவில் காட்டாத மூலையில் புல் மண்டிக் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடச் சந்தோஷமாக இருந்தது.

"வண்டி எப்படிக்கா இருக்கு?" என்று பின்னால் வந்த புரோக்கர் கேட்டார்.

அப்போதுதான் வண்டியின் ஞாபகமே வந்தது. வீட்டில் ஏறினேன், இங்கே இறங்கினேன். நடுவில் என் இடுப்பு ஒருதடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. ஒரு வருஷத்தில் இப்படி ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"இதையே எடுத்துக்கிடுதோம்," என்றேன்.

"கலருதான்..." என்று இழுத்தார் இவர்.

"நான் உள்ளதான இருக்கப் போறேன்," என்றேன்.